அந்தோனியாருக்கு ஒரு விசில்

லிஸ்பனில் நடந்துபோகிற ஒருவர் குடையையோ கைக்குட்டையையோ நழுவவிட்டால், பின்னால் வருகிறவர் அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, "உங்களோடது விழுந்துருச்சுங்க" என்று நீட்டுவார். இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. கொட்டாவி வந்தால் வாயைப் பொத்திக்கொள்வதுபோல ஊரில் ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம், அவ்வளவுதான். இந்தப் பழக்கத்தை ஒழித்துக்கட்டுவதற்காக ஏழு வருடங்களுக்கு முன்பு விருந்தினர் அபாயத் தடுப்பு மன்றம் தொடங்கப்பட்டது.

அவர்கள் அதை இப்படிச் சொல்லவில்லை. 'வந்த விருந்தாளி வந்தபடியே வீடு திரும்ப வேண்டும்' என்றுதான் வாசல் கல்லில் வெட்டியிருந்தார்கள். பெயர் நீளமாக இருந்ததால் ஊர்க்காரர்கள் அதை அபாய மன்றம் என்று சுருக்கிக்கொண்டார்கள். சுருங்கிய பிறகு பெயர் இன்னும் பொருத்தமாக இருந்தது.

கப்பலிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு விருந்தாளிக்கும் மன்றம் நான்கு பொருள்களைக் கொடுக்கும். ஓர் ஆரஞ்சு நிறத் தொப்பி. கழுத்தில் தொங்கவிட ஒரு விசில். ஆபத்தான இடங்களுக்குச் சிவப்பு அடித்த ஒரு வரைபடம். அதில் மன்றத்தின் அலுவலகம் தவிர ஊர் முழுக்கச் சிவப்பு. கடைசியாக, ஒன்பது விதிகள் அச்சடித்த ஓர் அட்டை. அட்டையின் நான்காவது விதி இப்படிச் சொன்னது: 'உங்கள் பொருள் கீழே விழுந்துவிட்டதாக எவரேனும் சொன்னால் அவர் திருடர். நிற்காதீர்கள். விசில் ஊதுங்கள்.' விருந்தாளி காதால் கேட்டே அடையாளம் கண்டுகொள்வதற்காக, அந்த வாக்கியத்தை எங்கள் மொழியில் எப்படி உச்சரிப்போம் என்பதையும் பதினான்கு மொழி எழுத்துகளில் கீழே கொடுத்திருந்தார்கள். ஆகவே எங்கள் மொழியில் 'தண்ணீர்' என்ற சொல்லையும் 'நன்றி' என்ற சொல்லையும் அறியாத ஆயிரக்கணக்கான பேர், 'உங்களோடது விழுந்துருச்சுங்க' என்பதை மட்டும் மனப்பாடமாக அறிந்திருந்தார்கள்.

செவெரினோவுக்கு இந்த அட்டையைப் பற்றித் தெரியாது. அவர் ஏணிச் சந்தில் இருக்கும் சின்ன அந்தோனியார் கோயிலின் கோயில்பிள்ளை. வயது அறுபத்தொன்று. முப்பத்தெட்டு வருடமாகக் கோயில் சாவி அவரிடம் இருக்கிறது. விடிந்ததும் கதவைத் திறப்பார், மெழுகு சுரண்டுவார், படிகளைக் கழுவுவார். சந்தில் யாருக்காவது ஏதாவது கிடைத்தால் நேராகக் கோயிலுக்குக் கொண்டுவந்து அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டுப் போவார்கள். தொலைத்தவர்கள் வந்து ஒரு செபம் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். பேரேடு கிடையாது, கையெழுத்து கிடையாது. பல்செட்டு, சாவிக்கொத்து, ஒருமுறை உயிருள்ள ஆமை என்று எல்லாமே உரியவரிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. எங்கள் சந்தில் யாரும் அந்தோனியாரைப் புனிதர் என்றோ 'ஆர்' போட்டோ அழைப்பதில்லை. அடுத்த வீட்டுச் சொந்தக்காரரைப்போல அந்தோனி என்றுதான் சொல்வோம். நடந்த குழப்பத்துக்கெல்லாம் காரணம் இதுதான்.

அன்று வியாழக்கிழமை. மறுநாள் அந்தோனியார் திருநாள். எதிர்வீட்டு மீன்காரி காலையிலேயே கரியடுப்பை வாசலில் வைத்து, திருநாள் வியாபாரத்துக்குச் சாளை மீனைச் சுட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணி இருக்கும். நாற்பது ஆரஞ்சுத் தொப்பிகள் வரிசையாகச் சந்தில் இறங்கி வந்தன.

வரிசையின் கடைசியில் வந்தவர் ஒரு நார்வேக்காரப் பெண்மணி. இங்கெபோர்க் என்று பெயர். எழுபது வயதுக்கு மேலிருக்கும், ஒல்லியான உடம்பு. எல்லாப் பொருள்களையும் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது மன்றத்தின் ஏழாவது விதி. அதனால் அவர் கழுத்தில் விசில், அட்டை, வரைபடம், கேமரா, தண்ணீர்ப் புட்டி என்று ஐந்து கயிறுகள் தொங்கின. ஆறாவது, நீலக் கம்பளி நூலில் பின்னிய ஒரு சிறிய பை. மாடியில் காயப்போட்டிருந்த துணிகளை அவர் அண்ணாந்து பார்த்தார். தொப்பி சரிந்தது. அதைப் பிடிக்கப்போன கை கயிறுகளில் சிக்கியது. அவர் சிக்கலை எடுத்துவிட்டு நடந்தார். நீலப் பை மட்டும் கழுவிய படியில் கிடந்தது.

செவெரினோ துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"அம்மா! உங்களோடது விழுந்துருச்சுங்க!"

அந்த அம்மாள் திரும்பினார். முதலில் வந்தது சிரிப்புதான். அது நல்ல சிரிப்பு என்று செவெரினோ பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறார். பிறகு அந்த அம்மாளுக்கு நான்காவது விதி ஞாபகம் வந்தது. சிரிப்பு பாதியில் நிற்க, கை விசிலைத் தேடியது.

ஒரு விசில் ஊதியது. பிறகு நாற்பது விசில்கள் ஊதின. கூரைப் புறாக்கள் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பின. நாற்பது தொப்பிகளும் மேடு பள்ளம் பார்க்காமல் கீழ்நோக்கி ஓடி வளைவில் மறைந்தன.

"என்ன செவெரினோ, கோயில் வாசல்ல கால்பந்தா?" என்று மீன்காரி அடுப்பை விசிறியபடியே கேட்டாள்.

"பையைக் குடுக்கப் போனேம்மா."

"முகத்தைக் கழுவிட்டுப் போயிருக்கணும். உன்னைப் பார்த்தா யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்."

செவெரினோ கோயிலுக்குள் போனார். முகவரி ஏதாவது இருக்குமா என்று பையைத் திறந்து பார்த்தார். ஒரு பாஸ்போர்ட் இருந்தது. கப்பலின் அறைச் சீட்டு இருந்தது. மாலை ஐந்து மணிக்குப் புறப்பாடு என்று அதில் போட்டிருந்தது. கூடவே ஒரு மாத்திரைப் பெட்டி. வாரத்தின் ஏழு நாளுக்கும் காலை, மதியம், இரவு என்று கட்டம் பிரித்த பெட்டி. செவெரினோவின் மூட்டுவலி மாத்திரைக்கும் அதே மாதிரிப் பெட்டிதான். வியாழன் காலைக் கட்டம் காலி. வியாழன் மதியக் கட்டத்தில் இரண்டு வெள்ளை மாத்திரைகள் இருந்தன.

அவர் பையை அந்தோனியாரின் காலடியில் வைத்து, என்ன செய்யலாம் என்று கேட்டார். பதில் வருவதற்குள் மன்றத்தின் வீதி அலுவலர் ஜெர்வாசியோ மூச்சிரைக்க உள்ளே வந்தான். ஆரஞ்சு மேலங்கி, இடுப்பில் வாக்கிடாக்கி.

"விசில் சத்தம் இங்கேருந்துதான் வந்துச்சு. பை எங்க?"

"அந்தோனிகிட்ட இருக்கு."

ஜெர்வாசியோ வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனான். "ஏணிச் சந்து. ஒருத்தர் பிடிபட்டார். கூட்டாளி ஒருத்தன் இருக்கான். பேரு அந்தோனி. பொருள் அவன் கைக்கு மாறிடுச்சு." பிறகு செவெரினோவிடம் கேட்டான். "எங்க அவன்?"

செவெரினோ பீடத்தைக் கைகாட்டினார்.

ஜெர்வாசியோ அண்ணாந்து பார்த்தான். கை தானாகத் தொப்பியைக் கழற்றியது. தானாகச் சிலுவை போட்டது. பிறகு அவன் வாக்கிடாக்கியைப் பார்த்தான்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? சொல்லிட்டேனே!"

"தப்பாச் சொல்லிட்டேன்னு திருப்பிச் சொல்லிடுங்க தம்பி."

"மன்றத்துல ஏத்தின பேரை இறக்க முடியாதுண்ணே. ஏத்தறதுக்கு மட்டும்தான் பொத்தான் வச்சிருக்காங்க."

இப்படியாக செவெரினோவும் நீலப் பையும் அபாய மன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்றுதான் செவெரினோ நினைத்தார். துறைமுகம் அங்கிருந்து பத்து நிமிட நடை. மன்றத்துக்காரர்கள் ஒரு வார்த்தை சொன்னால் அந்த அம்மாளே வந்து பையை வாங்கிக்கொண்டு, மதிய மாத்திரையையும் போட்டுக்கொள்வார்.

கூடத்தின் சுவரில், 'சிரிப்பவரைச் சந்தேகியுங்கள்' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். எண் சீட்டு எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு அவருடைய முறை வந்தது. மேசைக்குப் பின்னால் ஃபெலிஸ்மினா என்ற எழுத்தர். ஐம்பது வயது, சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடி. நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"திருடனா, சந்தேகத் திருடனா, பறிகொடுத்தவரா?"

"மூணும் இல்லைங்க. கண்டெடுத்தவன்."

"அதுக்குக் கட்டம் இல்லை."

"கண்டெடுத்ததைத் திருப்பிக் குடுக்க வந்திருக்கேன்."

"ஏழு வருஷத்துல அப்படி யாரும் வந்ததில்லை."

"கூப்பிட்டுக் குடுத்தாத் திருடன்னு அட்டையில அடிச்சுட்டா எப்படிம்மா வருவாங்க?" என்றார் செவெரினோ. வழியில் ஜெர்வாசியோ அவருக்கு அட்டையைக் காட்டியிருந்தான்.

ஃபெலிஸ்மினா அப்போதுதான் நிமிர்ந்தாள். சற்று நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்துகொண்டாள்.

"சந்தேகத் திருடன்னு போடறேன். இருக்கறதுலயே மரியாதையானது அதுதான். போன மாசம் ஒருத்தன் நம்ம ஆரஞ்சு அங்கியைப் போட்டுக்கிட்டு, பத்திரமா வச்சிருக்கேன்னு சொல்லிப் பதினோரு பேர்கிட்ட பையை வாங்கிட்டுப் போயிட்டான். அவனுக்கு அதுகூடப் போட முடியல."

"ஏன்?"

"அங்கி போட்டவங்களை நம்பணும்னு ஆறாவது விதி இருக்கே." அவள் தாளைத் திருப்பினாள். "கூட்டாளி அந்தோனி. தகப்பனார் பேரு?"

"அம்மா, அது யாருன்னு உங்களுக்கே தெரியும். நாளைக்குத் திருநாள். ஊரே சாளை மீன் சுடுது."

"எனக்குத் தெரியும் ஐயா. படிவத்துக்குத் தெரியாது. தொழில்?"

செவெரினோ பெருமூச்சு விட்டார். "காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கறது."

"உரிமம் இருக்கா?"

"இல்லைங்க."

"எத்தனை வருஷமா உரிமம் இல்லாம?"

"எண்ணூறுக்குக் கொஞ்சம் குறையும்."

"கட்டத்துல ரெண்டு இலக்கம்தான் பிடிக்கும்," என்று சொல்லி ஃபெலிஸ்மினா எண்பது என்று எழுதினாள். "அவரை வரச்சொல்லுங்க."

"அவரால வர முடியாதுங்க."

"அப்போ இருக்கற இடத்துல வச்சு விசாரிக்கணும். அவர் வாக்குமூலம் வர்ற வரைக்கும் பை முத்திரையில இருக்கும்."

ஜெர்வாசியோ திரும்பவும் மேடேறிப் போனான். இரண்டரை மணிக்கு வேர்க்க விறுவிறுக்க வந்து, அறிக்கையை நின்றபடியே வாசித்தான்:

"'விசாரிக்கப்பட்டவர் எந்தக் கேள்விக்கும் பதில் அளிக்கவில்லை. குரலை உயர்த்தியும் முகத்தில் மாற்றம் இல்லை. காலில் செருப்பு இல்லை. இடுப்பில் கயிறு கட்டியுள்ளார். கையில் ஒரு புத்தகம் உள்ளது. உரிமம் இல்லாத சுற்றுலா வழிகாட்டி நூலாக இருக்கலாம். புத்தகத்தின்மேல் ஒரு குழந்தை அமர்ந்துள்ளது. அவ்வளவு உயரத்தில் அமர்த்தப்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்பு வார் அணிவிக்கப்படவில்லை. குழந்தையும் பதில் அளிக்கவில்லை. இருவரும் தப்பியோட முயலவில்லை.'"

"குரலை உசத்தினீங்களா?" என்று செவெரினோ வருத்தத்துடன் கேட்டார்.

"கொஞ்சம்தாண்ணே. அப்புறம் மனசு கேக்காம ஒரு மெழுகுதிரி ஏத்தி வச்சுட்டுத்தான் வந்தேன்."

"அது அறிக்கையில இல்லையே."

"அதுக்கும் கட்டம் இல்லைண்ணே."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று அடிக்கவிருந்தது. செவெரினோவுக்கு மற்றதெல்லாம் மறந்து அந்த இரண்டு வெள்ளை மாத்திரைகள் மட்டும் கண்ணுக்குள் நின்றன. மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றார். பார்க்க விட்டார்கள்.

மன்றத்தின் தலைவர் எவாரிஸ்தோ. பட்டம் வாங்கிய எவரையும் டாக்டர் என்று அழைப்பது எங்கள் ஊர் மரியாதை. அவரை அலுவலகத்தில் எல்லோரும் வாக்கியத்துக்கு இரண்டு முறை அப்படி அழைத்தார்கள். அவரும் மூன்றாவது முறைக்காகக் காத்திருப்பார். அவர் அறைச் சுவர் முழுக்க மேல்நோக்கி ஏறும் ஒரு கோடு வரைந்திருந்தது.

"இது என்னன்னு தெரியுதா ஐயா? விருந்தாளிகளோட பயம். நாங்க பொறுப்பேத்தப்போ இங்க, முழங்கால் உயரத்துல இருந்துச்சு. இப்போ பாருங்க, உத்தரத்தைத் தொடுது."

"திருட்டு குறைஞ்சிருக்குங்களா டாக்டர்?"

"திருட்டை யாரு அளந்தா? அது எங்க கையில இல்லை. பயம் எங்க கையில இருக்கு." அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பயந்தவன் வெளிய வரமாட்டான். வெளிய வராதவன்கிட்ட யார் திருட முடியும், சொல்லுங்க? போன வருஷம் ஒரு அம்மா, மூணு நாள் கப்பல் இங்க நின்னுச்சு, எங்க அட்டையைப் படிச்சுட்டுத் தரையில கால் வைக்கவே இல்லை. ஒரு குண்டூசி தொலைக்கல. அந்த வருஷத்தோட சிறந்த விருந்தாளி விருதை அவங்களுக்குத்தான் குடுத்தோம். அதை வாங்கிக்கவும் அவங்க இறங்கல. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

"டாக்டர், இந்தப் பைக்காரம்மா மத்தியானம் போடவேண்டிய மாத்திரை இதுல இருக்கு. மணி மூணாகுது. அஞ்சுக்குக் கப்பல். பாஸ்போர்ட்டும் இதுலதான்."

"மாத்திரை சுகாதாரத் துறை. எங்க துறை பயம்."

"துறைமுகம் வரைக்கும் நானே ஓடிப்போய்க் குடுத்துட்டு வந்துடறேன். அப்புறம் நீங்க என்ன எழுதிக்கிட்டாலும் சரி."

டாக்டர் எவாரிஸ்தோவின் முகத்தில் முதல்முறையாக உண்மையான கவலை தெரிந்தது. "குடுத்துட்டா? ஐயா, கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க. கூப்பிட்டுக் குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்னு ஒரு ஆள் ஊர்ல போய்ச் சொன்னா நாலாவது விதியை யார் நம்புவா? ஒரு விதி போனா ஒன்பதும் போகும். ஒன்பதும் போனா நான் எங்க போவேன்? தொண்ணூறு நாள் விசாரணை. அந்தோனி வாயைத் திறந்தா சீக்கிரமா முடிச்சுக்கலாம்."

செவெரினோ நின்றுகொண்டே இருந்தார். அவருக்குக் கோபப்பட வராது. அப்போது ஃபெலிஸ்மினா ஒரு கோப்புடன் உள்ளே வந்தாள்.

"டாக்டர், நாலரை மணி செயல்விளக்கத்துக்கு ஆள் இல்லை. திருடனா நடிக்கிறவர் திருநாள்னு மச்சான் வீட்டுக்கு மீன் சுடப் போயிட்டாராம்."

ஒவ்வொரு கப்பலும் கிளம்புவதற்கு முன்னால், துறைமுகத்தில் மேடை போட்டு, திருடன் எப்படி அணுகுவான் என்று மன்றம் விருந்தாளிகளுக்கு நடித்துக் காட்டும். ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு அதனால் என்ன பயன் என்று கேட்கக்கூடாது. பயத்தை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது ஒன்பதாவது விதி.

"அடடா. அப்போ ரத்து பண்ணணுமா?" என்றார் டாக்டர்.

"விதிப்புத்தகம் பதினேழாம் பக்கம், டாக்டர்." ஃபெலிஸ்மினா முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் வாசித்தாள். "'அசல் திருடரும் அசல் பொருளும் கிடைக்குமாயின், நடிகரைவிட அவற்றுக்கே முன்னுரிமை அளிக்கப்படும்.' நம்மகிட்ட இன்னிக்கு ரெண்டும் இருக்கு."

டாக்டர் எவாரிஸ்தோ எழுந்தே நின்றுவிட்டார். "ஏழு வருஷத்துல இன்னிக்குத்தான் ஃபெலிஸ்மினா, நீங்க மன்றத்துக்காக யோசிச்சிருக்கீங்க."

"ஆமாங்க டாக்டர்."

செவெரினோவைக் கூடத்துக்கு அழைத்துவந்து, 'திருடர்' என்று எழுதிய அட்டையை மார்பில் கட்டினார்கள். முப்பத்தெட்டு வருடம் கோயில் சாவி தொங்கிய இடம். துறைமுகம்வரை அதோடு ஊர் நடுவே நடந்துபோக வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஃபெலிஸ்மினா பின்னால் நின்று கயிற்றை முடிந்தாள்.

"வசனம் தெரியுமா ஐயா?"

"என்ன வசனம்?"

"திருடன் சொல்ற வசனம். அட்டையில இருக்கே."

"அது... அதை நான் காலையிலயே சொன்னேனேம்மா."

"அதையே சொல்லுங்க. ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க." முடிச்சை இறுக்கிவிட்டு, மேசையிலிருந்த நீலப் பையை எடுத்து அவர் கையில் வைத்தாள். "யார்கிட்ட நீட்டணும்னு மட்டும் விதியில எழுதாம விட்டுட்டாங்க."

செவெரினோ திரும்பிப் பார்த்தார். அவள் அதற்குள் மேசைக்குப் போய் அடுத்த தாளில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். என் பெயர் போனால் போகட்டும் அந்தோனி, பை போய்ச் சேரட்டும் என்று சொல்லிக்கொண்டே அவர் ஜெர்வாசியோவுடன் நடந்தார். தெருமுனையில் அடுப்புக்கரி வாங்கிக்கொண்டு வந்த மீன்காரி எதிர்ப்பட்டாள். அட்டையை ஒருமுறைக்கு இருமுறை வாசித்தாள்.

"என்ன செவெரினோ, பதவி உயர்வா?" என்றாள். பிறகு ஜெர்வாசியோ பக்கம் திரும்பினாள். "ஏண்டா, என் கல்யாண மோதிரத்தை மீன் குடல்லேருந்து தேடி எடுத்துக் குடுத்த மனுஷன்டா இவர். உன் அங்கியை அவிழ்த்து அடுப்புல போட்டுடுவேன்."

"என்கிட்ட ஏன்க்கா கோவிக்கிறீங்க? வாக்கிடாக்கிகிட்ட சொல்லுங்க," என்றான் ஜெர்வாசியோ பரிதாபமாக.

துறைமுகத்தில் மேடை தயாராக இருந்தது. முப்பத்தொன்பது தொப்பிகள் அதன் முன் கூடியிருந்தன. நாற்பதாவது தொப்பி மட்டும் தள்ளி, கப்பல் கயிறு கட்டும் இரும்புக் குற்றியின்மேல் உட்கார்ந்திருந்தது. பாஸ்போர்ட்டும் சீட்டும் இல்லாததால் இங்கெபோர்க் அம்மாளைக் கப்பல்காரர்கள் ஏற்றவில்லை. அவர் முகம் சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. ஒரு கை நெஞ்சின்மேல் இருந்தது.

டாக்டர் எவாரிஸ்தோ ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். சுற்றிலும் ஆரஞ்சு அங்கிகள், "டாக்டர், இந்தப் பக்கம்! டாக்டர், படியைப் பார்த்து!" என்று அவரைத் தாங்கின. அந்த ஒரு சொல் எல்லா மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தள்ளி உட்கார்ந்திருந்தவர் மெல்லச் சாய்வதைக் கண்ட விருந்தாளிகள், ஒரே நேரத்தில் மேடையைப் பார்த்துக் கத்தினார்கள்.

"டாக்டர்! டாக்டர்!"

டாக்டர் எவாரிஸ்தோ கையசைத்தார். தமக்குக் கிடைத்த வாழ்த்து என்று நினைத்தார். நான்கைந்து பேர் ஏறிவந்து அவரைத் தோளோடு தூக்காத குறையாக இறக்கி, இங்கெபோர்க் அம்மாளின் முன்னால் மண்டியிட வைத்து, அவருடைய மணிக்கட்டை இவர் கையில் கொடுத்தார்கள்.

"நான் அந்த டாக்டர் இல்லைங்க," என்றார் அவர், கையைப் பிடித்தபடியே. "என் பட்டம் சுற்றுலா நிர்வாகத்துல. தொப்பியோட நிறத்தைப் பத்தி ஆராய்ச்சி. ஜெர்வாசியோ, இவங்ககிட்ட சொல்லுங்க!"

ஜெர்வாசியோவுக்கு அரைகுறை ஆங்கிலம் தெரியும். "நல்லா மூச்சு விடச் சொல்றார்," என்று மொழிபெயர்த்தான்.

செவெரினோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். மார்பிலே 'திருடர்' என்ற அட்டை, கையிலே நீலப் பை. இரும்புக் குற்றியின் முன்னால் நின்று குனிந்தார். வேறு எதுவும் சொல்லாதே என்று சொல்லியிருந்தார்கள். சொல்வதற்கு அவரிடமும் வேறு எதுவும் இல்லை.

"அம்மா, உங்களோடது விழுந்துருச்சுங்க."

முப்பத்தொன்பது விசில்கள் வாய்க்குப் போயின. இங்கெபோர்க் அம்மாளின் கையும் பழக்கத்தில் கழுத்துக்குப் போனது. விசிலைத் தொட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அவர் அந்த நீலப் பையைப் பார்த்தார், செவெரினோவின் முகத்தைப் பார்த்தார். பிறகு விசிலை விட்டுவிட்டுப் பையை வாங்கிக்கொண்டார்.

பாஸ்போர்ட்டை அவர் எடுத்துப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து, வியாழன் மதியக் கட்டத்திலிருந்த இரண்டு மாத்திரைகளையும் நாக்கில் வைத்துக்கொண்டார். ஜெர்வாசியோ அவர் கழுத்திலிருந்த தண்ணீர்ப் புட்டியையே திறந்து நீட்டினான். ஒருவரும் ஊதவில்லை. சில நிமிடங்களில் அவர் உதட்டில் நிறம் திரும்பியது.

அதன்பிறகு கூட்டம் கைதட்டியது. இதுவும் செயல்விளக்கத்தில் ஒரு பகுதி என்று பாதிப் பேர் நினைத்தார்கள். கைதட்டல் கேட்டதும் டாக்டர் எவாரிஸ்தோவுக்கும் உயிர் வந்தது. முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பார்த்தீங்களா? எவ்வளவு இயல்பா வந்து குடுக்கறார் பாருங்க! பையில ஒண்ணும் குறையாது. முகத்துல கள்ளம் தெரியாது. மாத்திரை நேரம்கூட ஞாபகம் வச்சிருப்பாங்க. இதுதான் ரொம்ப ஆபத்தான வகை. ஊருக்குப் போனதும் எல்லார்கிட்டயும் சொல்லுங்க!"

ஜெர்வாசியோ இதையும் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. "காலையிலேருந்து இவர் உங்களைத் தேடிக்கிட்டிருக்கார். எங்க ஊர்ல இப்படித்தான். எல்லார்கிட்டயும் சொல்லுங்க," என்று சொன்னான். சற்றுக் கூடக்குறைய இருந்தாலும் கடைசி வாக்கியம் சரியாக வந்துவிட்டது என்று அவனுக்குத் திருப்தி.

படியேறுவதற்கு முன் இங்கெபோர்க் அம்மாள் நின்றார். கழுத்திலிருந்த கயிறுகளில் ஒன்றைக் கழற்றி, விசிலை செவெரினோவின் உள்ளங்கையில் வைத்து, தம் இரு கைகளாலும் அந்தக் கையை மூடினார். நன்றி சொல்ல எங்கள் மொழியில் அவருக்கு ஒரு வாக்கியம்தான் தெரியும். அதை உடைத்து உடைத்துச் சொன்னார்.

"உங்களோடது... விழுந்துருச்சுங்க."

ஐந்து மணிக்குக் கப்பல் சங்கு ஊதியது. அன்றைக்கு அந்த ஊரில் கடைசியாக ஊதியது அதுதான்.

மறுநாள் திருநாள். செவெரினோ கோயில் வாசலில் அந்தோனியார் ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் ஃபெலிஸ்மினாவும் வந்தாள். கையில் முத்திரை வைத்த உறை.

"நேர்ல குடுக்கணும்னு உத்தரவு," என்று சொல்லிப் பிரித்து வாசித்தாள். "'பொருள் உரியவரிடம் சேர்ந்துவிட்டபடியால், அந்தோனி, தகப்பனார் பெயர் தெரியவில்லை, எண்பது ஆண்டுகளாக உரிமமின்றித் தொழில் செய்பவர், இம்முறை எச்சரிக்கையுடன் விடுவிக்கப்படுகிறார். இனி இதுபோல் நடந்துகொள்ளக்கூடாது.'"

"நடந்துக்குவாரும்மா," என்றார் செவெரினோ. "அவரை மாத்த முடியாது. கையெழுத்து போடணுமா?"

"வேண்டாம். காலடியில வச்சுடுங்க. கையிலதான் புத்தகம் வச்சிருக்காரே, படிக்கத் தெரியாமலா இருக்கும்?" அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "ஐயா, வீட்டுச் சாவி ஒண்ணு மூணு வாரமா காணோம். மன்றத்துல கேட்டா, பறிகொடுத்தவங்க கட்டத்துல பேரு ஏறிடும்..."

செவெரினோ எதையும் கேட்காமல் அவளை அந்தோனியாரின் காலடிக்கு அழைத்துப்போனார். கைவிரல் உறை, ஒற்றைத் தோடு, மூன்று சாவிகள். அவள் இரண்டாவது சாவியை எடுத்துக்கொண்டாள். ஒரு ரொட்டியை எடுத்து அவர் அவள் கையில் வைத்தார். அவள் கடித்துக்கொண்டே அண்ணாந்து சுரூபத்தைப் பார்த்தாள்.

"என்னங்க ஐயா, குழந்தை கையில விசிலா?"

"ஆமாம்மா. கண்டெடுத்தது எல்லாம் இங்கதானே வரணும். அந்தோனிக்குக் கை ஒழியல. குழந்தைங்களுக்கு விசில்னா பிடிக்குமேன்னு அங்க மாட்டிவிட்டேன்."

விசில் இன்றும் அங்கேதான் தொங்குகிறது. எங்கள் சந்தில் எத்தனையோ பேர் வருகிறார்கள், போகிறார்கள். முகம் கழுவாதவர்கள், செருப்பில்லாதவர்கள், உரிமமில்லாதவர்கள், சிரிக்கிறவர்கள். குழந்தை இதுவரை யாரைப் பார்த்தும் ஊதவில்லை.